ஜெனரல் ஆண்டனி வேய்னின் அலுவல் கடிதங்கள் (1792–1796): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேய்ன் யார்? எந்தக் கடிதங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆண்டனி வேய்ன் பென்சில்வேனியாக்காரர். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிகேடியர் ஜெனரல். 1791 நவம்பர் 4 அன்று ஆர்தர் செயின்ட் கிளேர் நடத்திச் சென்ற படை ஒஹாயோ காட்டில் பூர்வகுடிக் கூட்டணியிடம் சிதறியது. 600 பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்கடுத்த ஆண்டு, புதிதாகக் கட்டப்பட்ட படைக்கு வேய்னைத் தளபதியாக்கினார் குடியரசுத் தலைவர் வாஷிங்டன். அந்தப் படையின் பெயர் ‘லீஜியன்’. 1792 கோடையில் பிட்ஸ்பர்க்கில் தொடங்கி, 1796 டிசம்பர் 15 அன்று பிரெஸ்க் ஐல் கோட்டையில் இறக்கும் வரை வேய்ன் தலைநகர் பிலடெல்பியாவுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். எழுதியது போர்த்துறைச் செயலருக்கு. 1794 இறுதி வரை ஹென்றி நாக்ஸ், 1795-இல் டிமத்தி பிக்கரிங், 1796-இல் ஜேம்ஸ் மக்கென்றி. இந்த மூவரோடும் நடந்த போக்குவரத்தும், அதோடு ஒட்டிய இணைப்புகளும் படைக்கணக்குகளும்தான் இங்கே பேசுபொருள்.

கடிதத் தலைப்பில் உள்ள ஊர்ப்பெயர்களை வரிசையாக வைத்தாலே படை நகர்ந்த பாதை தெரிந்துவிடும்: பிட்ஸ்பர்க், லீஜியன்வில் (1792–93 குளிர்காலம்), சின்சினாட்டிக்குப் பக்கத்தில் ஹாப்சன்ஸ் சாய்ஸ் (1793 கோடை), கிரீன்வில் (1793 அக்டோபர் முதல்), கிராண்ட் கிளேஸ் (1794 ஆகஸ்ட்). தேதி 1793 ஜூலை, ஊர் கிரீன்வில் என்று ஒரு நகலில் இருந்தால் நகலெடுத்தவர் எங்கோ சறுக்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

போர்த்துறை அலுவலகமே எரிந்துபோனது என்கிறார்களே, பிறகு இவை எப்படிக் கிடைக்கின்றன?

எரிந்தது உண்மை. தலைநகர் பிலடெல்பியாவிலிருந்து வாஷிங்டனுக்கு மாறிய சில மாதங்களில், 1800 நவம்பர் 8 அன்று, போர்த்துறை வாடகைக்கு இருந்த வீடு தீப்பிடித்து அலுவலகக் கோப்புகள் நாசமாயின. (வீட்டுச் சொந்தக்காரர் செயலர் டெக்ஸ்டர் மீது வழக்குப் போட, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசின் சார்பில் கையெழுத்திட்ட செயலர் தன் சொந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை என்று 1803-இல் தீர்ப்பு வந்தது.) 1814-இல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்கு வைத்த தீ வேறு. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது பரவலான பிழை.

எரிந்தது பெறுநர் பக்கத்துக் கோப்பு. அனுப்புநர் பக்கம் எரியவில்லை. வேய்ன் தன் நகல்களைக் கூடவே வைத்திருந்தார், அவை குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தன. நாக்ஸ் தன் வசம் இருந்ததில் ஒரு பகுதியை வீட்டுக்கு எடுத்துப் போனார், மக்கென்றியும் அப்படியே. காங்கிரஸுக்குப் போன நகல்கள் அங்கே தங்கின. இப்படி 200-க்கும் மேற்பட்ட காப்பகங்களில் சிதறியவற்றைத் தேடிப் படமெடுத்து, எரிந்த அலுவலகத்தின் கோப்பைத் திரும்பக் கட்டும் திட்டம் ஒன்று நடக்கிறது. 1784–1800 காலத்துக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அதில் சேர்ந்துள்ளன.

ஆகவே வேய்ன் கடிதம் எதைப் பார்த்தாலும் முதலில் எழ வேண்டிய கேள்வி, “இதில் என்ன சொல்லியிருக்கிறது?” அன்று, “இது எந்தப் பிரதி?”

ஒரு கடிதத்துக்கு அப்படி எத்தனை பிரதிகள் இருக்கும்?

ஐந்தாறு வரை போகும். முதலில் வரைவு: அடித்தல், திருத்தல், ஓரத்தில் சேர்த்தல் எல்லாம் இதில்தான். அதைப் பார்த்து உதவி அதிகாரி ஒருவர் நல்ல கையெழுத்தில் எழுத, ஜெனரல் ஒப்பமிட்டு அனுப்பியது செல்பிரதி. போகும் முன் அதைக் கடித நகல் பேரேட்டில் பதிவார்கள். வழியில் பறிபோகலாம் என்ற பயம் இருந்தால் ‘டூப்ளிகேட்’ என்று தலையில் எழுதி இன்னொரு செல்பிரதி, வேறு ஆள் கையில், வேறு வழியாகப் போகும். அலுவலகத்துக்கு வந்து சேர்ந்ததும் அங்குள்ள எழுத்தர் குடியரசுத் தலைவருக்கோ காங்கிரஸுக்கோ நகல் எடுப்பார். கடைசியில் அச்சுப் பிரதி: காங்கிரஸ் ஆவணங்கள் 1832 முதல் தடித்த தொகுதிகளாக அச்சேறின. அதில் எழுத்துக்கூட்டல் சீராக்கப்பட்டது, நிறுத்தற்குறி சேர்க்கப்பட்டது, சில பகுதி விடப்பட்டது.

ஜேம்ஸ் வாட் 1780-இல் காப்புரிமை பெற்ற நகலெடுக்கும் அழுத்துப்பொறி அப்போதே புழக்கத்தில் இருந்தது. வாஷிங்டனும் ஜெபர்சனும் பயன்படுத்தினார்கள். ஈரமான மெல்லிய தாளை எழுத்தின் மேல் வைத்து அழுத்தினால் மை ஊறி மறுபுறம் தெரியும். காட்டில் முகாமிட்ட படைக்கு அது தோதுப்படாது. வேய்ன் பக்கத்து நகல்கள் கையால் எழுதியவை. கையால் எழுதினால் வரி தவறும். ஒரே சொல் இரண்டு வரிகளில் வந்தால் கண் தாவி நடுவில் உள்ளது விடுபடும். பேரேட்டுப் பிரதியில் ஒரு வாக்கியம் பொருளற்று நின்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

என் முன்னால் இருப்பது எந்தப் பிரதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தாளைத் திருப்பிப் பாருங்கள். படமாகப் பார்க்கிறீர்கள் என்றால் கடைசிப் பக்கத்தின் படம் இருக்கிறதா என்று தேடுங்கள். அதை ‘வெற்றுப் பக்கம்’ என்று விட்டுவிடுபவர்கள் அதிகம்.

மடிப்புக் கோடுகள், முகவரி, அரக்குத் தடம் மூன்றும் இருந்தால் செல்பிரதி என்று நம்பலாம். நீளவாக்கில் மடித்த பட்டையின் மேல் வேறு கையெழுத்தில் அனுப்பியவர் பெயர், எழுதிய தேதி, வந்த தேதி, பொருள் என்று இரண்டு மூன்று வரி இருந்தால் அது அலுவலக எழுத்தரின் புறக்குறிப்பு. நம் ஊர்க் கோப்பில் ‘பெறப்பட்டது’ முத்திரை செய்யும் வேலையை இது செய்கிறது. வந்த தேதி கடிதத்துக்குள் இராது, இந்தப் பட்டையில்தான் கிடைக்கும்.

ஒரே கையெழுத்தில் கடிதமும் ஒப்பமும் இருந்து, மடிப்பே இல்லாமல், பக்கத்தின் மேலேயே முந்தைய கடிதத்தின் வால் தெரிந்தால் அது பேரேடு. ஒப்பம் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். நகலெடுப்பவர் ஒப்பத்தையும் சேர்த்தே எழுதுவார். வேய்னுக்கு எழுதிக்கொடுத்த உதவி அதிகாரிகள் டி பட்ஸ், தாமஸ் லூயிஸ், வில்லியம் ஹென்றி ஹாரிசன் ஆகியோர். கடைசியில் சொன்னவர் பின்னாளில் ஒன்பதாம் குடியரசுத் தலைவர் ஆனார்.

போர்த்துறையின் பதிவு எண் எங்கே என்று தேடிக் களைக்க வேண்டாம். அனுப்பியவரின் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் வரிசை எண்ணும் கொண்ட அந்தப் பதிவேட்டு முறைக் கோப்புகள் 1801 முதல்தான் இருக்கின்றன.

நடுவில் ஓட்டை விழுந்து சொல் போயிருக்கிறது. மீட்க வழி உண்டா?

உறை என்ற ஒன்று அன்று வழக்கில் இல்லை. பெரிய தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம். மூன்றில் எழுதி, நாலாவது வெளியே வரும்படி இரு ஓரங்களையும் உள்ளே மடித்து, மேல்கீழ் விளிம்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, அரக்கோ ஈரப்படுத்திய மாவு வில்லையோ வைத்து ஒட்டுவார்கள். அவசரமாகப் பிரிக்கும்போது அரக்கோடு தாளும் கிழிந்து வரும். அதனால் ஓட்டை பெரும்பாலும் மூன்றாம் பக்கத்தின் விளிம்பில், கடிதத்தின் கடைசி வரிகளில் விழும்.

கிழிந்த துண்டு தொலைந்துபோயிருக்க வேண்டியதில்லை. எதிர்ப்பக்கத்தில் அரக்கின் அடியில் அது ஒட்டிக்கொண்டிருக்கும், சில சமயம் தலைகீழாக. படத்தைப் பெரிதாக்கி அரக்குத் தடத்தைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று எழுத்துகள் தெரிந்தால் சொல்லை ஊகிக்கப் போதும். அங்கும் இல்லையென்றால் பேரேட்டுப் பிரதியை எடுத்து ஒப்பிட வேண்டும். பேரேட்டுக்கு அரக்குப் பிரச்சினை கிடையாது, அதற்கு எதிரி ஈரமும் மையும்தான். கடுக்காயைப் போலத் துவர்ப்புச் சத்துள்ள மாசிக்காயும் (ஓக் மரத்தில் பூச்சியால் உண்டாகும் முடிச்சு) இரும்பு உப்பும் சேர்ந்த மை அது. அடர்த்தியாக எழுதிய இடத்தில் நாளாவட்டத்தில் தாளையே தின்றுவிடும்.

எல்லாக் கடிதமும் ‘தங்கள் மிகக் கீழ்ப்படிதலுள்ள பணியாள்’ என்றே முடிகிறதே? உண்மையில் அவ்வளவு பணிவா?

பணிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதற்கு 1794 ஆகஸ்டைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆகஸ்ட் 20 அன்று ஃபாலன் டிம்பர்ஸில் வேய்ன் பூர்வகுடிக் கூட்டணியைத் தோற்கடித்தார். புயலில் சாய்ந்த மரங்கள் கிடந்ததால் அந்த இடத்துக்கு அப்படிப் பெயர். பக்கத்திலேயே பிரிட்டிஷ் வசமிருந்த மயாமிஸ் கோட்டை. அதன் தலைவர் மேஜர் வில்லியம் கேம்பெல். மறுநாள் கேம்பெல் ஒரு கடிதம் அனுப்பினார்: உங்கள் படை என் பீரங்கி எட்டும் தூரத்துக்கு வந்து நிற்கிறது, இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? நம் இரு நாடுகளுக்கும் இடையே போர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லையே? அன்றே வேய்ன் பதில் எழுதினார்: கேட்கும் உரிமை உமக்கு இருந்தாலல்லவா பதில் சொல்ல, அப்படி இருந்திருந்தாலும், நேற்றுக் காலை என் வீரர்களின் துப்பாக்கி வாயே முழுப் பதிலையும் சொல்லிவிட்டது. மறுநாள் கேம்பெல், பிரிட்டிஷ் கொடிக்கு நேர்ந்த அவமதிப்பை இரண்டு நாளாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுத, கோட்டையைக் காலி செய்து போகச் சொன்னார் வேய்ன். மேலிடத்து ஆணை வராமல் நகர மாட்டேன் என்று கேம்பெல் முடித்தார். இரண்டு நாளில் ஐந்து கடிதங்கள். ஒரு குண்டும் சுடப்படவில்லை.

துப்பாக்கி வாய் பேசியது என்று எழுதிய அதே கடிதத்தின் கடைசி வரி: மிகுந்த மரியாதையுடன், தங்கள் மிகக் கீழ்ப்படிதலுள்ள, மிகத் தாழ்மையான பணியாள். நம் விண்ணப்பங்களில் ‘தங்கள் உண்மையுள்ள’ என்று எழுதுகிறோமே, அதைப் போன்றதுதான். உணர்ச்சியை முடிவு வரியில் தேடாமல் தொடக்கத்தில் தேடுங்கள். ‘ஐயா’ என்பதற்குப் பதில் ‘என் அன்பு ஐயா’ என்று இருந்தால் எழுதியவர் அலுவல் தொனியை விட்டு நெருங்குகிறார் என்று கொள்ளலாம்.

இந்த ஐந்தையும் நகலெடுத்து, எண்ணிட்டு, ஆகஸ்ட் 28 தேதியிட்ட அறிக்கையோடு நாக்ஸுக்கு அனுப்பினார் வேய்ன். கேம்பெலும் சும்மா இருக்கவில்லை. தன் மேலதிகாரியான டெட்ராய்ட்டின் கர்னல் இங்கிலாந்துக்குத் தகவல் அனுப்பினார். (இங்கிலாந்து என்பது அவர் பெயர், படிக்கும்போது நாடு என்று குழம்பாதீர்கள்.) எனவே இரு தரப்புப் பிரதிகளையும் ஒப்பிட முடிகிற அரிய இடம் இது.

ஆகஸ்ட் 28 அறிக்கையை எந்த அளவுக்கு நம்பலாம்?

பகுதி பகுதியாகத்தான் நம்ப வேண்டும். தன் தரப்பு இழப்பைச் சொல்லும் பட்டியலை நம்பலாம்: இறந்தவர் 33, காயம்பட்டவர் 100. அதிலேயே லீஜியனின் நிரந்தரப் படையினர் 26 பேரும் 87 பேரும். கென்டக்கித் தன்னார்வக் குதிரைப்படையினர் 7 பேரும் 13 பேரும். கூட்டிப் பார்த்தால் சரியாக வருகிறது. அந்த எண்ணிக்கையில் பொய் சொன்னால் சம்பளப் பட்டியலில் மாட்டிக்கொள்வார்கள்.

எதிரியின் எண்ணிக்கை வேறு கதை. எதிரிகள் 2,000 பேர், தன் பக்கம் மோதியவர்கள் 900-க்கும் குறைவு என்கிறார். எதிரியின் கணக்கை அவர் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. பிற்கால வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். வென்ற தளபதி எதிரியைப் பெருக்கிக் காட்டுவது எந்த ஊரிலும் நடப்பது.

இன்னொரு கேள்வியும் வரும்: 20-ஆம் தேதி நடந்ததை 28-இல் ஏன் எழுதினார்? மூன்று நாள் களத்தருகே தங்கிச் சுற்றுவட்டாரச் சோளக்கொல்லைகளையும் வீடுகளையும் அழித்தார்கள். பிறகு ஆற்றின் இரு கரையிலும் ஊர்களை எரித்தபடி நடந்து 27 அன்று கிராண்ட் கிளேஸ் திரும்பினார்கள். மறுநாள் அறிக்கை. அழித்ததை அவர் மறைக்கவில்லை, சாதனையாகவே எழுதுகிறார்.

‘இன்ஸ்டன்ட்’, ‘அல்டிமோ’ என்றால்?

‘20-ஆம் இன்ஸ்டன்ட்’ என்றால் கடிதம் எழுதும் இதே மாதத்து 20. ‘அல்டிமோ’ என்றால் போன மாதம். ஆகஸ்ட் 28 கடிதத்தில் ‘20 இன்ஸ்டன்ட்’ ஆகஸ்ட் 20; அதே சண்டையைப் பற்றி செப்டம்பரில் எழுதினால் ‘20 அல்டிமோ’. பிழை எங்கே வரும்? மாதத் தொடக்கத்தில் வரைவு எழுதி, அடுத்த மாதம் அனுப்பும்போது தலைப்புத் தேதியை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே உள்ள ‘இன்ஸ்டன்ட்’டை அப்படியே விட்டுவிட்டால் ஒரு மாதம் தள்ளிப்போகும். தேதி இடித்தால் வரைவைத் தேடுங்கள்.

மயாமி என்று வருவது எந்த ஆறு?

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. வேய்ன் எழுதும் ‘மயாமி’ பல இடங்களில் இன்றைய மௌமி ஆறு, ஈரி ஏரியில் கலப்பது. அதை ‘ஏரியின் மயாமி’ என்பார்கள். ஒஹாயோ ஆற்றில் கலக்கும் பெரிய மயாமி, சிறிய மயாமி இரண்டும் தெற்கே வேறாக ஓடுகின்றன. ‘மயாமி ஊர்கள்’ என்றால் பூர்வகுடிகள் கெக்கியோங்கா என்றழைத்த இடம். இன்று அங்கே இருக்கும் நகரத்தின் பெயரே ஃபோர்ட் வேய்ன். கிராண்ட் கிளேஸ் என்பது ஆக்லேஸ் ஆறு மௌமியில் கூடும் இடம், வேய்ன் டிஃபையன்ஸ் கோட்டை கட்டியது அங்கேதான். ஃப்ளோரிடாவின் மயாமியை இதில் கொண்டுவந்தவர்களும் உண்டு.

கடிதம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்?

ஒஹாயோ எல்லையிலிருந்து பிலடெல்பியாவுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டு படிக்கலாம். செயின்ட் கிளேர் தன் தோல்வியை 1791 நவம்பர் 9 அன்று சின்சினாட்டியில் இருந்த வாஷிங்டன் கோட்டையிலிருந்து எழுதினார். குடியரசுத் தலைவர் அதைக் காங்கிரஸுக்கு அனுப்பியது டிசம்பர் 12. பதில் வர இன்னொரு மாதம். ஆக, ஒரு கேள்விக்கு விடை கிடைக்க இரண்டு மாதம். அதனால்தான் கடிதங்கள் ஒன்றுக்கொன்று பதிலாக இராமல் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன. எழுதியவர் ‘தங்கள் இன்ன தேதிக் கடிதம் கிடைத்தது’ என்று முதல் வரியிலேயே சொல்வது இதற்காகத்தான். நம் அலுவலகக் கடிதத்தின் ‘பார்வை’ வரி. தேதி வரிசையில் அடுக்கிப் படிக்காமல், இந்தப் பார்வை வரியை வைத்து எது எதற்குப் பதில் என்று இணைத்துப் படித்தால்தான் தளபதி என்ன தெரிந்து முடிவெடுத்தார் என்று புரியும்.

வழி இதுதான்: முன்னணிக் கோட்டைகளிலிருந்து தூதுக் குதிரை வீரர் சின்சினாட்டி வரை. அங்கிருந்து நீரோட்டத்துக்கு எதிராகப் படகில் பிட்ஸ்பர்க் பக்கம். 1794-இல் பிக்கரிங் தபால்துறைத் தலைவராக இருந்தபோது ஆயுதம் தரித்த ஆட்களோடு ஒஹாயோவில் தபால் படகு ஓடத் தொடங்கியது. பிறகு மலைத்தொடரைத் தாண்டிப் பிலடெல்பியா. இந்தக் கடைசிக் கட்டமும் பத்திரமில்லை. விஸ்கி வரிக் கலகத்தின்போது, 1794 ஜூலை 26 அன்று, பிட்ஸ்பர்க் தபாலைக் கலகக்காரர்கள் வழிமறித்துப் பறித்துக் கடிதங்களைப் பிரித்தார்கள். டூப்ளிகேட் அனுப்பியது வீண் கவலையால் அல்ல.

தபால் செலவை யார் கொடுத்தார்கள்?

1792 தபால் சட்டப்படி ஒரு தாள் கடிதத்துக்கு 30 மைலுக்குள் 6 சென்ட், 450 மைலுக்கு மேல் 25 சென்ட். இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. ஆனால் போர்த்துறைச் செயலருக்கு வருவதும் அவர் அனுப்புவதும் இலவசம். அந்தச் சலுகை செயலரின் பதவிக்கானது, அதிகாரிகளுக்கானது அல்ல. கோட்டைத் தலைவர்கள் தங்களுக்குள் எழுதியவை தூதுவர் கையில்தான் போயின. அவற்றின் மேல் தபால் கட்டணக் குறியைத் தேடாதீர்கள்.

படைக்கணக்குப் பட்டியலை எப்படிப் படிப்பது?

கடிதங்களைவிட இவற்றில்தான் உண்மை அதிகம் என்பது எங்கள் கருத்து. ஆனால் யாரும் படிப்பதில்லை, பார்க்கவே சலிப்பு.

மாதாந்தரக் கணக்கில் இடப்பக்கம் பிரிவுகள், மேலே தலைப்புகள்: பணிக்குத் தகுதியோடு இருப்போர், முகாமில் நோயாளிகள், வெளியே நோயாளிகள், பணிமேல் சென்றோர், விடுப்பில் இருப்போர், காவலில் இருப்போர், மொத்தம், நிறைவுக்குத் தேவைப்படுவோர். அடியில் போன கணக்குக்குப் பிறகு ஏற்பட்ட மாற்றம்: இறந்தோர், ஓடிப்போனோர், விடுவிக்கப்பட்டோர், சேர்ந்தோர்.

முதலில் குறுக்கே கூட்டுங்கள், பிறகு நெடுக்கே கூட்டுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஒரு எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது எழுத்தரே பிசகியிருக்கிறார். 1-ம் 7-ம், மங்கிய 3-ம் 8-ம் வழக்கமான குற்றவாளிகள். அடுத்து போன மாத மொத்தத்திலிருந்து இறந்தோர், ஓடியோர், விடுபட்டோர் மூவரையும் கழித்துச் சேர்ந்தோரைக் கூட்டினால் இந்த மாத மொத்தம் வர வேண்டும். வராவிட்டால் ‘பணிமேல் சென்றோர்’ பத்தியைப் பாருங்கள். கிரீன்வில்லில் இருந்து வேறு கோட்டைக்கு அனுப்பப்பட்ட இருபது பேரைத் தாய்ப் பிரிவும் எண்ணியிருக்கும், அந்தக் கோட்டையும் எண்ணியிருக்கும். மொத்தப் படை பெருகிவிட்டதாகத் தோன்றுவது இப்படித்தான்.

‘நிறைவுக்குத் தேவை’ என்பதன் அடிப்படை எது என்றால், லீஜியனில் நாலு சப்-லீஜியன்கள், ஒவ்வொன்றுக்கும் 1,280 பேர், ஆக 5,120. அது சட்டம் அனுமதித்த எண். அந்த எண்ணிக்கையை லீஜியன் ஒருநாளும் எட்டவில்லை. ‘வேய்ன் 5,000 பேரோடு போனார்’ என்று எழுதியிருந்தால் அது இந்தத் தாள் கணக்கிலிருந்து வந்தது.

பாதிக் கடிதங்கள் மாவையும் மாட்டிறைச்சியையும் பற்றியே இருக்கின்றனவே?

படை நகர்வதும் நிற்பதும் அதில்தான் இருந்தது. 1790 சட்டப்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு மாட்டிறைச்சி அல்லது முக்கால் பவுண்டு பன்றி இறைச்சி, ஒரு பவுண்டு ரொட்டி அல்லது மாவு, அரை ஜில் ரம், பிராந்தி அல்லது விஸ்கி. அரை ஜில் என்பது ஏறக்குறைய 60 மில்லி. ஒருவரின் இந்த ஒரு நாள் பங்குதான் ஒரு ரேஷன். நூறு ரேஷனுக்கு ஒரு குவார்ட் உப்பு, இரண்டு குவார்ட் வினிகர், இரண்டு பவுண்டு சோப்பு, ஒரு பவுண்டு மெழுகுவர்த்தி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு எண்ணிக்கையுள்ள ஒரு சப்-லீஜியனுக்கு ஒரு நாள் மாவு 1,280 பவுண்டு, அதாவது 580 கிலோ. ஒரு பீப்பாய் மாவு 196 பவுண்டு. ஆக ஆறரைப் பீப்பாய், ஒரே நாளுக்கு. அதைக் காட்டு வழியில் பொதிக்குதிரை முதுகில் ஏற்றிக் கோட்டை கோட்டையாகக் கடத்த வேண்டும். கடிதத்தில் ‘இத்தனை ஆயிரம் ரேஷன் இருப்பு’ என்று வந்தால் படையின் தலைக்கணக்கால் வகுத்துவிடுங்கள். எத்தனை நாள் தாங்கும் என்று உடனே தெரியும். தளபதியின் பதற்றமும் அப்போது புரியும்.

உணவு கொடுத்தது அரசு அன்று, எலியட்–வில்லியம்ஸ் என்ற ஒப்பந்தக்காரர்கள். 1792 முதல் ஒப்பந்தம் போடும் அதிகாரம் போர்த்துறையிடம் இல்லாமல் நிதித்துறையிடம் இருந்தது. வேய்ன் நாக்ஸிடம் முறையிடுவார். பணப்பிடி நிதித்துறைச் செயலர் ஹாமில்டன் கையில். ஆகவே உணவுப் பிரச்சினையைப் பின்தொடர்பவர் நிதித்துறைக் காகிதங்களையும் பார்க்க வேண்டும். வேய்ன்–நாக்ஸ் கடிதங்கள் மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான்.

‘தனிப்பட்டது’ என்று மேலே எழுதிய கடிதங்களும் அலுவல் கடிதங்களா?

ஒரே நாளில் ஒரே ஆளுக்கு இரண்டு கடிதம் போவதுண்டு: ஒன்று கோப்புக்கு, மற்றது கண்ணுக்கு மட்டும். வேய்னுக்கு அடுத்த நிலையில் இருந்த பிரிகேடியர் ஜெனரல் ஜேம்ஸ் வில்கின்சன் தன் தளபதியைக் குறைசொல்லி நாக்ஸுக்கு நேராக எழுதினார். இதே வில்கின்சன் ஸ்பெயினிடம் பணம் வாங்கிக்கொண்டிருந்தார். அங்கே அவருக்கு ‘ஏஜென்ட் 13’ என்று பெயர். அந்தப் போக்குவரத்தின் காகிதங்கள் செவில்லில் உள்ள ஸ்பானியக் காப்பகத்தில் இருக்கின்றன. வேய்ன் இறந்ததும் படைத்தலைமை இவருக்கே போனது என்பது அந்தக் குடியரசின் துரதிர்ஷ்டம். இவரது அலுவல் கடிதங்களை மட்டும் படித்தால் கடமை தவறாத அதிகாரியாகவே தெரிவார்.

காங்கிரஸ் கேட்டால் இந்தக் கடிதங்களைக் கொடுத்துவிடுவார்களா?

1792-இல் செயின்ட் கிளேர் தோல்வியை விசாரித்த பிரதிநிதிகள் சபைக் குழு போர்த்துறைக் காகிதங்களைக் கேட்டது. கேட்கச் சபைக்கு உரிமை உண்டு, கேட்பதைக் குடியரசுத் தலைவரிடம் கேட்க வேண்டும், பொதுநலனுக்குக் கேடு தருவதை அவர் நிறுத்திவைக்கலாம் என்று வாஷிங்டனின் அமைச்சர்கள் முடிவெடுத்தார்கள். இந்த முறை மறைக்க ஒன்றுமில்லை, நகல்களை மட்டும் அனுப்பலாம், வேண்டுமானால் எழுத்தர் ஒருவர் அசலோடு வந்து ஒப்பிட்டுக் காட்டுவார் என்று ஏற்பாடு. அசலைப் பத்திரமாக அலுவலகத்தில் வைத்துக்கொண்டார்கள். எட்டு ஆண்டு கழித்து எரிந்தது அந்த அலுவலகக் கோப்புகள்தான்.

படியெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு முறை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் எழுத உட்காருங்கள். எழுத்தின் சாய்வும் சுழிப்பும் கண்ணுக்குப் பழக இரண்டு பக்கமாவது ஆகும். ‘எஃப்’ போலத் தெரிவது பல இடங்களில் நீண்ட ‘எஸ்’. இரட்டை எஸ் வரும் சொற்களில் முதலாவது அப்படி இருக்கும், காங்கிரஸ் என்ற சொல்லையே எடுத்துப் பழகலாம். பதவிப் பெயர்களைச் சுருக்கிக் கடைசி எழுத்தை மட்டும் சிறிதாக மேலே தூக்கி எழுதுவார்கள்.

எழுத்துக்கூட்டலைத் திருத்தாதீர்கள். ஒரே ஆளின் பெயரை ஒரே கடிதத்தில் இரண்டு விதமாக எழுதியிருந்தால் இரண்டையும் அப்படியே வையுங்கள். ஊகித்த சொல்லைச் சதுர அடைப்பில் போடுங்கள். அடித்ததையும் பதியுங்கள், அடித்ததில்தான் எழுதியவரின் முதல் எண்ணம் இருக்கும். ‘இணைப்பு’ என்று கடிதம் சொல்லும் தாள் கூட இல்லையென்றால் அதையும் குறியுங்கள். இணைப்புகளைப் பிரித்து வேறு கோப்பில் போடுவது பழைய எழுத்தர்களின் பழக்கம். வேறு காப்பகத்தில் அநாதையாக ஒரு பட்டியல் கிடைக்கும்போது உங்கள் குறிப்புதான் அதைத் தாய்க்கடிதத்தோடு சேர்க்கும்.

தமிழில் பெயர்க்கும்போது?

பதவிகளை மேஜர் ஜெனரல், குவார்ட்டர் மாஸ்டர் என்றே விடுவது நல்லது. ‘படைமுதலி’ போன்றவை வாசகரைச் சோழர் காலத்துக்குக் கொண்டுபோய்விடும். பூர்வகுடிகளைக் கடிதங்கள் ‘காட்டுமிராண்டிகள்’ என்கின்றன. மேற்கோளுக்குள் அதை மென்மையாக்க வேண்டாம், அது எழுதியவரின் சொல். உங்கள் சொந்த வாக்கியத்தில் ஷானி, மயாமி, டெலவேர் என்று மக்களின் பெயரைச் சொல்லுங்கள்.

அசல் தாள்கள் எங்கே உள்ளன?

வேய்ன் காகிதங்களின் பெருந்தொகுதி பிலடெல்பியாவில் பென்சில்வேனியா வரலாற்றுக் கழகத்தில். ஒரு பகுதி மிச்சிகனின் ஆன் ஆர்பரில் கிளெமென்ட்ஸ் நூலகத்தில். அவருக்கு முன் படைத்தலைவராக இருந்த ஜோசையா ஹார்மரின் கடிதங்களும் அங்கேயே. நாக்ஸின் காகிதங்கள் நியூயார்க்கில் கில்டர் லெர்மன் தொகுப்பில். பெரும்பாலானவற்றின் படம் இணையத்தில் கிடைக்கிறது. படத்தை இறக்கும்போது கோப்பின் பெயரில் காப்பகம், தொகுதி எண், பக்கம் மூன்றையும் அப்போதே சேர்த்துவிடுங்கள். பத்துப் படம் சேர்ந்த பிறகு எது பிலடெல்பியாப் பிரதி, எது நாக்ஸ் பிரதி என்று தாளைப் பார்த்துச் சொல்வது கடினம்.